மூன்றாவது நிபந்தனை

பட்டியலில் முப்பத்தோராவது நான். இப்போது பதினெட்டாவது ஆளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் இன்னும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இந்த மர வாங்கில் இருக்க வேண்டும், அதுவும் அப்பாவோடு. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். இருபத்தேழு நாடுகளுக்கும் பொதுவான சட்டம், ஐந்நூற்று எண்பது பக்கம், நீலமும் மஞ்சளுமாகக் கோடு போட்டுப் போட்டு இப்போது எந்தக் கோடு எதற்கென்று எனக்கே தெரியவில்லை. இங்கே, சிசிலியாத் தீவின் பலேர்மோவில், பரீட்சை என்றால் எழுதுவது குறைவு, பேசுவதுதான். பேராசிரியருக்கு முன்னால் கதிரையில் போய் இருந்து கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், மண்டபத்தில் மற்ற எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கதவைச் சாத்துவதில்லை, யாரும் வந்து பார்க்கலாம். இதை நான்தான் ஒருநாள் சாப்பிடும்போது வீட்டில் உளறினேன். "அப்ப நானும் வரலாமோ?" என்று அப்பா கேட்டார், பகிடி என்று நினைத்து ஓம் என்றேன். இன்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கலியாண வீடுகளுக்குப் போடுகிற நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு வந்திருக்கிறார். நான் பதில் சொல்வதைப் பார்க்க அல்ல. பரீட்சை முடிந்ததும் பேராசிரியை ஸ்பதாரோவிடம் ஒரு கேள்வி கேட்க வந்திருக்கிறார். அப்பாவுக்குத் தெரிந்த இத்தாலிய மொழி ஒரு பல் வைத்தியரின் வீட்டில் சமைக்கவும் துடைக்கவும் போதும், கேள்வி கேட்கப் போதாது. ஆகவே நான்தான் கேட்க வேண்டும்.

"பிள்ளை, அந்த அம்மாவே புரொபெசர்?" "ஓம்." "கண்ணாடி போட்டவ?" "ஓம் அப்பா." "நல்ல முகம்." அப்பாவின் கண்ணில் எல்லாருக்கும் நல்ல முகம், நகரசபைப் பதிவு மேசையில் இருக்கிற சின்யோரா லீனாவுக்கு மட்டும் இல்லை. சின்யோரா லீனாவைப் பற்றித்தான் அந்த ஃபைல். இரண்டு பக்க முறைப்பாடு, எங்கள் ஆட்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுக்கிற றெஜி அண்ணை எழுதியது, ஒவ்வொரு வசனத்திலும் 'பொறுப்பற்ற' என்ற சொல் வருகிறது. திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போக வேண்டும். அதற்கு முன் சட்டம் தெரிந்த ஒருவர் ஒரு சொல் சொன்னால் நல்லது என்று அப்பா நினைக்கிறார். சட்டம் தெரிந்தவள் பக்கத்தில் இருக்கிறாளே என்று அம்மா சொல்லிப் பார்த்தா. "இவள் படிக்கிறவள்தானே, படிப்பிக்கிறவ சொன்னாத்தான் எடுபடும்" என்றார் அப்பா. அது சரிதான். ஜன்னலுக்கு வெளியே ஆபிரிக்காப் பக்கத்துச் சூட்டுக் காற்று வீசுகிறது, யூன் மாதத்தில் இது வந்தால் மூன்று நாளைக்கு நகரமே எரிச்சலில் இருக்கும். எனக்கு எரிச்சலும் இல்லை. பயமும் இல்லை. காலையிலிருந்து இல்லை, ஒருவேளை அதற்கு முந்தியே இல்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் வேறு யாருடையதோ கன்னம் மாதிரி இருக்குமே, அப்படி. பதினெட்டாவது ஆள் எழும்பிவிட்டான். முப்பதுக்கு இருபத்திரண்டு போடுகிறேன் என்றார் ஸ்பதாரோ. வேண்டாம் என்றான். இங்கே அது ஒரு வழக்கம், கொடுத்த புள்ளி பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த தவணைக்குத் திரும்பி வரலாம், எதுவும் நடக்காத மாதிரி. அப்பா என்ன நடந்தது என்று கேட்டார், சொன்னேன். "வேண்டாமெண்டால் விட்டிடுவினமோ?" என்று ஆச்சரியப்பட்டார். விடுவார்கள். பரீட்சையில் மட்டும்.

முதலிலிருந்து நினைத்தால் நேராக வரும். பரீட்சைக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள், தெரியாவிட்டால் வரைவிலக்கணத்திலிருந்து தொடங்கு. ஒன்றியத்தின் குடிமகன் யார்? உறுப்பு நாடொன்றின் குடியுரிமை உள்ள ஒவ்வொருவரும். யாருக்குக் குடியுரிமை என்பதை அந்தந்த நாடே தீர்மானிக்கும். இத்தாலி எப்படித் தீர்மானிக்கிறது? பத்து வருடம் ஒழுங்காக இருந்தவர் விண்ணப்பிக்கலாம், கிடைத்தால் நகரசபைக்கு வந்து அரசியலமைப்பின் பெயரால் சத்தியம் செய்ய வேண்டும், சத்தியம் செய்த அடுத்த நாளிலிருந்து அவர் இத்தாலியர். அவரோடு ஒரே வீட்டில் இருக்கிற பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளும் அந்த நாளிலேயே இத்தாலியர், அவர்கள் எதுவும் செய்ய வேண்டாம், சும்மா நித்திரை கொண்டு எழும்பினால் போதும். அப்பாவுக்குக் கடிதம் வந்தது ஐப்பசியில். சத்தியத்துக்கு ஆறு மாத அவகாசம். எனக்குப் பதினெட்டு முடிகிற நாள் சனவரி பன்னிரண்டு. அப்பா சத்தியம் செய்த நாள் சனவரி பதினேழு. ஐந்து நாள். தம்பி கீரன் இத்தாலியன், அவன் போன வருடம் பள்ளிக்கூடத்தோடு பார்சலோனாவுக்குப் போய் கடவுச்சீட்டை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு படம் எடுத்து அனுப்பினான். அம்மாவுக்கு வேறு விண்ணப்பம், அதுவும் வந்துவிடும். நான் வதிவிட அட்டையைப் புதுப்பிக்கக் கைரேகை வைக்கப் போகிறேன், விரலைத் துடைத்துவிட்டு வை என்கிறார்கள். ஒரே மேசையில் சாப்பிடுகிற நாலு பேரில் கடைசிவரை ஒன்றியத்துக்கு வெளியே இருந்து சாப்பிடப் போகிறவள் நான், என்று கீரனிடம் ஒருமுறை சொன்னேன். அவன் சிரித்தான், பிறகு சிரித்ததற்காக என்னுடைய கோப்பையையும் சேர்த்துக் கழுவி வைத்தான். நான் தனியாக விண்ணப்பம் போட்டிருக்கிறேன். மூன்று வருடம், நாலு வருடம், யாரைக் கேட்டாலும் தோளைத்தான் குலுக்குகிறார்கள். லக்சம்பேர்க்கில் இருக்கிற நீதிமன்றத்தில் ஆறு மாதம் பயிற்சிக்கு ஸ்பதாரோ பெயர் கேட்டபோது நான் கையை உயர்த்தவில்லை. ஒன்றியக் குடியுரிமை அவசியம் என்று அறிவித்தலில் மூன்றாவது வரியில் இருந்தது. கையை உயர்த்தவில்லை என்பதற்காக நான் அழவும் இல்லை, அந்த நேரம் பேனைக்கு மூடி தேடிக்கொண்டிருந்தேன்.

"சாப்பிடுறியே?" அப்பா தகட்டுத் தாளைப் பிரிக்கிறார், உள்ளே மீன் றோல்ஸ். பரீட்சை மண்டபம் முழுக்க மிளகும் சூடை மீனும் மணக்கிறது, முன் வாங்கில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள், அப்பா உடனே அவளுக்கு ஒன்று நீட்டினார், அவள் எடுத்துக்கொண்டாள். இப்படி ஒரு மனிதரைக் கோபிக்க முடியாது, அதுதான் கஷ்டம். கோபிக்க முயன்றிருக்கிறேன். ஒரு வருடம் முழுக்க உள்ளுக்குள் கோபித்தேன், ஏனென்றால் பதினேழாம் திகதி யார் தெரிவு செய்தது? அப்பா. ஏன்? சனவரி நடுப்பகுதி வரைக்கும் மார்கழி. மார்கழியில் எங்கள் வீட்டில் புதுச் செருப்புக்கூட வாங்குவதில்லை. நாட்டையே மாற்றுகிற காரியத்தை மார்கழியில் செய்யலாமா, தை பிறக்கட்டும், என்றார். பஞ்சாங்கம் பார்த்தார், கோயிலில் ஐயரிடம் கேட்டார், யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்து மாமாவிடமும் கேட்டார், பதினேழு புதன்கிழமை, காலை பத்து மணிக்குப் பிறகு நல்லது என்று மூன்று இடத்திலும் ஒத்து வந்தது. இப்படி ஒரு பிழையை எங்கள் ஆட்களைத் தவிர யார் செய்வார்கள்? அல்பேனியாக்காரர் செய்வாரா, மொறோக்கோக்காரர் செய்வாரா, கடிதம் வந்த அன்றே ஓடிப் போய்ச் சத்தியம் செய்திருப்பார்கள். அன்று பத்தரைக்கு அப்பா மூவர்ணக் கொடிக்குப் பக்கத்தில் நின்று, நான் எழுதிக் கொடுத்துப் பாடமாக்கின வசனத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார், எனக்குக் கண் கலங்கியது, உண்மையிலேயே கலங்கியது. பிறகு வெளியே வந்து நல்ல நாளில் நல்லது நடந்தது என்றார். மூன்று கிழமை கழித்துத்தான் என் பெயர் இல்லை என்று கடிதம் வந்தது. அப்பா நேரே போய்ச் சின்யோரா லீனாவுக்கு முன்னால் இருந்த கண்ணாடித் தடுப்பில் தட்டிச் சத்தம் போட்டார். தமிழில். அவ எழும்பி நின்று, கையை விரித்து, என்னைப் பார்த்தா. அப்பாவை அல்ல, என்னை. நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இருபத்து நாலாவது ஆள். ஆட்கள் சீக்கிரம் சீக்கிரம் விழுகிறார்கள், சூடு. அரசின் பொறுப்பு கேட்கிறார் போலிருக்கிறது, அது எனக்குப் பாடம், ஓட்டிப் பார்க்கலாம். ஒன்றியச் சட்டத்தை மீறியதால் ஒருவருக்கு நட்டம் ஏற்பட்டால் அரசு ஈடு செய்ய வேண்டும், மூன்று நிபந்தனை. ஒன்று, மீறப்பட்ட விதி தனிமனிதருக்கு உரிமை தருவதாக இருக்க வேண்டும். இரண்டு, மீறல் போதிய அளவு பாரதூரமாக இருக்க வேண்டும். மூன்று, மீறலுக்கும் நட்டத்துக்கும் நேரடியான காரணத் தொடர்பு இருக்க வேண்டும். நேரடியான. இடையில் வேறொருவர் புகுந்து அந்தத் தொடர்பை அறுத்திருக்கக் கூடாது. மொழிகள் பற்றிக் கேட்டால்? இருபத்து நாலு மொழிகளிலும் சட்டம் சமமாக உண்மையானது, எதுவும் மூலம் அல்ல, எதுவும் மொழிபெயர்ப்பு அல்ல. ஒரு மொழியில் ஒரு வசனம் விடுபட்டிருந்தால் மற்ற மொழிகளைப் பார்த்து, விதியின் நோக்கத்தைப் பார்த்து, நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒரு மொழியை மட்டும் தனியே நம்பக் கூடாது. இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது மட்டும் எனக்கு எப்போதும் தண்ணீர் விடாய்க்கும், எழும்பிப் போய்க் குடித்துவிட்டு வருவேன், வந்தால் வேறு பக்கத்தைத் திறப்பேன். மொழிபெயர்ப்பு எனக்கு ஒன்றும் புதிதல்ல. ஐந்து வயதில் வந்தேன், எட்டு வயதில் வேலை தொடங்கினேன். மின்சாரக் கந்தோர், வதிவிட அட்டைக்குப் பொலிஸ், கீரனின் பள்ளிக்கூடம், வீட்டுக்காரர், எல்லா இடத்துக்கும் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு போவார்கள், கண்ணாடிக்கு என் தலை எட்டாது, அப்பா தூக்கிப் பிடிப்பார். ஒருமுறை அம்மாவுக்கு வயிற்றில் நோ. மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கட்டி மாதிரித் தெரிகிறது, கூடாததாகவும் இருக்கலாம், உறுதியாகச் சொல்லச் சோதனை செய்ய வேண்டும் என்றார். எனக்கு எட்டரை வயது. அம்மா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தா. "ஒரு ரெஸ்ற் எடுக்கட்டாம்" என்றேன். அவ்வளவுதான். கட்டி ஒன்றுமில்லை, கல்லுத்தான், எடுத்துவிட்டார்கள். அந்த இரண்டு கிழமையும் அம்மா நிம்மதியாக நித்திரை கொண்டா, நான் கொள்ளவில்லை. சொல்லாமல் விட்டால் ஆட்கள் நிம்மதியாக இருப்பார்கள் என்று அன்றைக்குப் படித்துக்கொண்டேன், யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. பிறகு வீட்டுக்காரர் எங்களை ஏசினதை விட்டேன், கீரனின் ஆசிரியை அவன் மந்தம் என்றதை விட்டேன், அப்பா மாமாவின் பெருமை பேசினதை மற்றப் பக்கத்துக்குச் சொல்லாமல் விட்டேன். இரண்டு பக்கமும் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள்.

இருபத்தேழாவது ஆளுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுக்கிறார்கள். அப்பா ஃபைலைத் திறந்து மூடுகிறார். "கேக்கேக்கை ஒண்டை மட்டும் வடிவாக் கேள், பிள்ளை. அந்த மனிசி எங்களுக்குச் சொல்லியிருக்க வேணுமோ இல்லையோ? நாள் பிந்தினாப் பிள்ளைக்குக் கிடையாது எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா மார்கழியாவது மண்ணாங்கட்டியாவது, நான் அண்டைக்கே கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணியிருப்பன்." ஓம் அப்பா. "சொல்லாமல் விட்டது அவவின்ர பிழைதானே?" ஓம் என்றேனா? என்னவோ சொன்னேன். இந்த இடத்துக்கு வரக் கூடாது என்றுதான் காலையிலிருந்து சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறேன், எந்தப் பக்கத்தால் போனாலும் இங்கேயே கொண்டுவந்து விடுகிறது. திசெம்பர் பதினொன்று, பள்ளிக்கூடத்தை அரை நாளில் விட்டுவிட்டு, அப்பாவோடு நகரசபை. சின்யோரா லீனாவின் கையில் எங்கள் வீட்டுப் பதிவு. நான் கேட்டேன், சனவரி பதினாறுக்குப் பிறகு ஏதாவது நாள் இருக்கிறதா? பதினேழு இருக்கிறது என்றா. எழுதப் போன பேனையை நிறுத்தினா. பதிவைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. பிறகு சொன்னா, வேகமாக அல்ல, நிறுத்தி, சிசிலியாக்காரர் எங்களுக்கு விளங்க வேண்டும் என்று பேசுவார்களே அப்படி: பன்னிரண்டில் உனக்குப் பதினெட்டு ஆகிறது மகளே, பதினேழில் செய்தால் தம்பிக்கு மட்டும்தான் வரும், உனக்கு வராது, எட்டாம் திகதி காலையில் ஒரு இடம் இருக்கிறது, அதை எடுங்கள், அப்பாவுக்குச் சொல். முழுவதும் கேட்டது. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அப்பா என் தோளில் தட்டி, "என்னவாம்?" என்றார். நான் சொன்னேன், "பதினேழு சரியாம்."

ஏன்? காரணம் தேடினால் கூடை நிறைய அகப்படுகிறது. எட்டாம் திகதி முதல் பாடத்திலேயே எனக்கு லத்தீன் பரீட்சை இருந்தது. எட்டு என்றால் அப்பா மார்கழி என்பார், அந்த மார்கழியை நான் இத்தாலிய மொழியில் அந்த மனிசிக்கு விளங்கப்படுத்த வேண்டும், பின்னால் பதினைந்து பேர் வரிசையில். வெட்கம். களைப்பு. பசி. பதினேழு வயதில் ஒரு காகிதம் வெறும் காகிதம். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன், பேருந்தில் அப்பா பக்கத்து ஆளோடு கதைத்துக்கொண்டு வந்தார், வீட்டில் அம்மா தோசை சுட்டா, அடுத்த நாள் வந்தது, அதற்கடுத்த நாள் வந்தது. ஒவ்வொரு நாளும் சொல்லலாம் என்றுதான் இருந்தது. எட்டாம் திகதி லத்தீன் பரீட்சை எழுதினேன், பத்துக்கு எட்டுப் புள்ளி. பன்னிரண்டாம் திகதி கேக் வெட்டினோம், அப்பா என் வாயில் ஊட்டினார். இந்தக் காரணங்களில் எதையும் எடுத்துப் பேராசிரியை முன்னால் வைக்க முடியாது, ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சிறியது. உண்மையில் அந்தக் கணத்தில் நான் ஒன்றையும் நினைக்கவே இல்லை, வழக்கம்போல விட்டேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அப்பாவின் நல்ல நாளைக் குற்றம் சொல்லி ஒரு வருடம் கழித்தேன், அது சுகமாக இருந்தது. அப்பா லீனாவைக் குற்றம் சொன்னார், அதுவும் எனக்குச் சுகமாகத்தான் இருந்திருக்கும். இப்போது இரண்டு பக்கத் தாளில் ஒரு மனிசியின் பெயர் இருக்கிறது, அவவுக்கு ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருக்கிறது என்று றெஜி அண்ணை விசாரித்துச் சொன்னார், சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் இதற்காவது நடுங்க வேண்டும். கை வேர்க்கவில்லை. மேசையில் யாரோ கத்தியால் கீறின பெயரை விரலால் தடவிக்கொண்டிருக்கிறேன்.

"சிவாபதாம்!" அப்பா சடாரென்று எழும்பி நின்றார். அவருடைய பெயர்தான், சிவபாதம், இங்கே எனக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. மண்டபம் சிரித்தது, கெட்ட சிரிப்பல்ல. "என்னைத்தான் அப்பா, இருங்கோ" என்று அவரை இருத்திவிட்டுப் போனேன். ஆரபி சிவபாதம், மாணவர் அட்டை, கையெழுத்து. ஸ்பதாரோ விசிறிக்கொண்டே, அரசின் பொறுப்பிலிருந்து தொடங்குவோம் என்றார். தொடங்கினேன். என் குரல் நன்றாகத்தான் வந்தது, யாரோ பக்கத்து அறையில் பாடம் சொல்வதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் நிபந்தனை, இரண்டாவது நிபந்தனை. மூன்றாவதை உதாரணத்தோடு சொல் என்றார். காரணத் தொடர்பு, என்றேன், அதிகாரி செய்ய வேண்டியதைச் செய்திருந்து, நட்டமடைந்தவரின் பக்கத்திலேயே யாராவது அதைத் தடுத்திருந்தால் தொடர்பு அறுந்துவிடும், அரசு பொறுப்பல்ல. யாராவது என்றால்? அவருக்காகப் பேசப் போனவர், என்றேன். ஸ்பதாரோ தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். பிறகு முன்னுரிமைக் கோட்பாடு, பிறகு உள்நாட்டு நீதிமன்றம் லக்சம்பேர்க்குக்குக் கேள்வி அனுப்புவது, இரண்டும் வந்தது. இருபத்தெட்டு, ஏற்கிறாயா என்றார். ஏற்கிறேன் என்றேன். பேனை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். சந்தோசப்படலாம் என்று எனக்கு ஞாபகம் வந்தது, அதற்குள் அப்பா ஃபைலோடு மேசைக்கு வந்துவிட்டார்.

"புவோன் ஜோர்னோ புரொபெசொரேஸ்ஸா" என்று குனிந்தார், அதைக் கிழமை முழுக்கப் பழகியிருந்தார். ஸ்பதாரோ எழும்பி அவருக்குக் கை கொடுத்து, உங்கள் மகள் நன்றாகப் படிக்கிறாள் என்றார். அது அப்பாவுக்கே விளங்கியது. "கேள் பிள்ளை" என்றார். கேட்டேன். சத்தியம் செய்த திகதி, என் பிறந்த திகதி, ஐந்து நாள், ஒரு அதிகாரி, முறைப்பாடு. என் அலுவல் என்று தெரிந்ததும் ஸ்பதாரோ விசிறியை மூடி வைத்தார். லக்சம்பேர்க்குக்கு நீ ஏன் பெயர் தரவில்லை என்று இப்போது விளங்குகிறது என்றார், கொஞ்சம் கோபமாக, என்மேல் அல்ல. பிறகு முறைப்பாட்டை வாசித்தார், கண்ணாடியைக் கழற்றினார். இது ஒன்றியச் சட்டம் அல்ல, இத்தாலியச் சட்டம், ஆனாலும் முழுக்க வழி இல்லை என்று சொல்ல மாட்டேன், என்றார். அந்த அதிகாரி உங்களுக்கு எச்சரிக்கவில்லை என்றால், பிள்ளையின் உரிமை பறிபோனதற்கு நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும், எனக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞருக்கு நானே எழுதுகிறேன், உனக்குக் குடியுரிமை கிடைக்கவும் கூடும். எச்சரித்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, அவரைக் குற்றம் சாட்டுவதும் அநியாயம். ஆகவே ஒரே ஒரு கேள்வி. அவர் சொன்னாரா, இல்லையா? அப்பாவிடம் கேள்.

அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இல்லை என்ற ஒரு சொல். அப்பாவைக் கேட்டால் அவர் இல்லை என்றுதான் சொல்வார், அது அவருக்குப் பொய்யும் அல்ல, நான் அதை அப்படியே திருப்பிச் சொன்னால் எனக்கும் பொய் அல்ல, எவ்வளவு ஒழுங்கான மொழிபெயர்ப்பு. முப்பத்திரண்டாவது ஆள் எனக்குப் பின்னால் வந்து நிற்கிறான். எதையும் உணராமல் இருப்பதில் ஒரு வசதி இருக்கிறது, சொல்ல வேண்டியதைச் சொல்லும்போது குரல் உடையாது. "அப்பா," என்றேன், "அண்டைக்கு அந்த மனிசி சொன்னவ. பதினேழிலை செய்தா எனக்குக் கிடையாது, எட்டாம் திகதி வாங்கோ எண்டு வடிவாச் சொன்னவ. நான்தான் உங்களுக்குச் சொல்லேல்லை." அப்பாவின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அவர் என்னை ஏசவில்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை. ஃபைலை மேசையிலிருந்து எடுத்து, தாள்களைத் தட்டி நேராக்கி, உள்ளே வைத்தார், அதற்கு நிறைய நேரம் எடுத்தது.  "நீ அப்ப சின்னப்பிள்ளை" என்றார், என்னிடமா தனக்குத்தானா தெரியவில்லை. ஸ்பதாரோ எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். அப்பா தொண்டையைச் செருமினார், நிமிர்ந்து நின்றார்.

"புரொபெசரிட்டச் சொல்லு பிள்ளை," என்றார். "அந்த மனிசி வடிவாச் சொன்னவ. என்ர மகளும் ஒண்டும் விடாமல் எனக்குச் சொன்னவள். நான்தான் நாள் பாத்துப் பிந்தினனான் எண்டு சொல்லு. சொல்லு, புரொபெசரம்மா காத்துக்கொண்டு நிக்கிறா." நான் மேசையில் கிடந்த விசிறியைப் பார்த்தேன். "சொல்லு" என்றார் மறுபடியும், மெதுவாக, கையால் என் முதுகைத் தொட்டு. நான் பேராசிரியை ஸ்பதாரோவைப் பார்த்து, இத்தாலிய மொழியில், அப்பா நிறுத்தின இடத்தில் நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னேன்: அதிகாரி சொன்னாராம், என் மகள் ஒன்றும் விடாமல் எனக்குச் சொன்னாள் என்கிறார், பிழை தன்னுடையது என்கிறார்.